மூன்று தடவை படித்தும் உளவியலில் பாதி மார்க்குதான். எங்கே தப்பு?

கடைசி_பெஞ்ச்:

வணக்கம். பள்ளியிலேயே கல்லூரி முதல் வருஷத் தரத்தில் நடத்துகிற அறிமுக உளவியல் பாடத்தை எடுத்திருக்கிறேன். கணக்கு, வேதியியல் மாதிரி கழுத்தை நெரிக்காது, கதைப் புத்தகம் போலப் படித்துவிடலாம் என்று நம்பித்தான் எடுத்தேன். கதைப் புத்தகம் போலத்தான் படித்தேன். அதுதான் வினை என்று இப்போது தோன்றுகிறது.

கற்றல், நினைவு இரண்டு அத்தியாயத்துக்குமான தேர்வுத்தாள் இன்று கைக்கு வந்தது. 50-க்கு 26. மூன்று தடவை படித்தவன் நான். மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் போட்டு, இப்போது என் புத்தகத்தில் கோடு போடாத வரிதான் பளிச்சென்று தெரிகிறது. எதிர்மறை வலுவூட்டல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள், சொல்கிறேன்: இடது பக்கம், கீழே, ஓரத்தில் எலிப் படம். ஆனால் கேள்வி இப்படி வந்தது:

"காரில் சீட் பெல்ட் போடும்வரை பீப் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. போட்டதும் நிற்கிறது. சில நாளில் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்ததுமே பெல்ட் போடப் பழகிவிடுகிறார். இது எதற்கு எடுத்துக்காட்டு?"

எரிச்சலூட்டும் சத்தம், ஆகவே தண்டனை என்று எழுதினேன். தப்பு. இந்த மாதிரியே பன்னிரண்டு கேள்வி போயிற்று. படிக்கிற முறையில் என்ன மாற்றுவது?

தூக்கம்_போச்சு:

நானும் இதே பாடம்தான். இதே மாதிரி கேள்வி எங்களுக்கும் வந்தது. நான் பாவ்லோவ் என்று எழுதினேன். சத்தம் என்றாலே எனக்கு, மணியோசை கேட்டதும் உணவு வரும் என்று எச்சில் விடப் பழகிய அவரது நாய்தான் ஞாபகம் வருகிறது.

சாக்பீஸ்:

இந்தப் பாடத்தைப் பல வருஷமாக நடத்துகிறேன். உங்கள் இருவரின் தவறும் எனக்குப் பழக்கமானவைதான்.

முதலில் பெல்ட். ஸ்கின்னர் வகைக் கேள்வி, அதாவது விளைவைப் பொறுத்து நடத்தை மாறுகிற கேள்வி வந்தால் சத்தம் இனிமையா எரிச்சலா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். இரண்டே கேள்வி. அந்த நடத்தை கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. அடுத்து, நடத்தைக்குப் பின் ஏதாவது வந்து சேர்ந்ததா, இருந்தது நீங்கியதா? சேர்ந்தால் நேர்மறை, நீங்கினால் எதிர்மறை. பெல்ட் போடுவது கூடுகிறது, சத்தம் நீங்குகிறது. எதிர்மறை வலுவூட்டல். நேர்மறை, எதிர்மறை என்பதை நல்லது கெட்டது என்று படிப்பதால்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். அது கூட்டல் குறி, கழித்தல் குறி. அவ்வளவுதான்.

தூக்கம்_போச்சு, உனக்கு: பாவ்லோவின் நாய் எச்சில் விட்டாலும் விடாவிட்டாலும் உணவு வந்தே தீரும். இங்கே ஓட்டுநர் ஒன்றைச் செய்தால்தான் சத்தம் நிற்கும். செய்கைக்கு விளைவு உண்டா என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும்.

இனி முக்கியமானது. பக்கமும் எலிப் படமும் ஞாபகம் இருக்கிறது என்று சொன்னாயே தம்பி, அதற்கு உன் புத்தகத்திலேயே பெயர் இருக்கிறது. பார்த்து அடையாளம் காண்பது வேறு, பார்க்காமல் மீட்டெடுப்பது வேறு. நீ மூன்று தடவையும் முதலாவதைத்தான் பயிற்சி செய்தாய். தெரிந்த முகம் எதிரே வந்தால் சிரித்துவிடுகிறோம், பெயர் கேட்டால் முழிக்கிறோமே, அந்தக் கதை.

ஒரு வேலை செய். இன்று இரவு புத்தகத்தை மூடி வேறு அறையில் வை. வெள்ளைத்தாளில் நினைவு அத்தியாயம் பற்றித் தெரிந்ததை எல்லாம் எழுது. 15 நிமிஷம். வந்ததை அப்படியே இங்கே போடு. புத்தகத்தைப் பார்த்துத் திருத்தாதே.

கடைசி_பெஞ்ச்:

டீச்சர், வெட்கமாக இருக்கிறது. ஏழு வரிதான்.

1. புலன் நினைவு, குறுங்கால நினைவு, நீண்டகால நினைவு.
2. குறுங்காலத்தில் 7 பொருள் நிற்கும்.
3. ஹிப்போகேம்பஸ்.
4. மறதி வளைவு, ஒரு ஜெர்மன்காரர்.
5. கார் விபத்து வீடியோ, கேள்வியை மாற்றினால் பதில் மாறும்.
6. மூளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், எல்லாம் மறந்துபோனார்.
7. குறுக்கீடு இரண்டு வகை.

அதற்குப் பிறகு எட்டு நிமிஷம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரியைப் பாருங்கள், ஹிப்போகேம்பஸ். அது என்ன செய்கிறது என்று எழுத வரவில்லை.

சாக்பீஸ்:

வெட்கப்பட ஒன்றுமில்லை, இதுதான் உன் உண்மையான மதிப்பெண். நேற்றுவரை அது உனக்குத் தெரியாமல் இருந்தது.

இரண்டாம்_தடவை:

தம்பி, போன வருஷம் நானும் இங்கேதான் நின்றேன். முதல் தேர்வில் என் மார்க் உன்னுடையதைவிடக் குறைவு.

எனக்குக் கண் திறந்தது புத்தகத்தில் இருந்த ஓர் ஆய்வால்தான். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்டது. மாணவர்களிடம் ஒரு சிறு பத்தி கொடுத்தார்கள். ஒரு தரப்பு அதைத் திரும்பவும் படித்தது. இன்னொரு தரப்பு திரும்பப் படிக்காமல், ஞாபகம் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் 56, திரும்பப் படித்தவர்கள் 42.

அந்த 81-ஐ யோசித்துப் பார். படித்து முடித்த ஐந்தாவது நிமிஷம் நமக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அது பொய்யும் இல்லை, அந்த நிமிஷத்துக்கு நிஜமாகவே தெரிகிறது. அந்தத் தெம்பில் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கிவிடுவோம். தேர்வு அடுத்த வாரம்.

இந்தப் பாடத்தில் இருக்கிற விசித்திரம் இது. எப்படிப் படிக்க வேண்டும் என்பதே பாடத்துக்குள் இருக்கிறது, அதையும் மஞ்சள் கோடு போட்டுக் கடந்துபோகிறோம். 2013-இல் டன்லாஸ்கியும் சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். தன்னைத்தானே சோதிப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் நல்ல பலன் தருபவை என்று மேலே வந்தன. கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பலன் பட்டியலில்.

எதிர்க்கட்சி:

எல்லோரும் ஆய்வு ஆய்வு என்று பயமுறுத்துகிறீர்கள். நான் இதே பாடத்தை அட்டை எழுதித்தான் தேறினேன். ஒரு பக்கம் சொல், மறு பக்கம் வரையறை. நானூறு அட்டை. கடைசி இரண்டு நாள் உட்கார்ந்து உருப்போட்டேன், நல்ல மார்க். அறிமுகப் பாடம் என்றாலே சொற்களஞ்சியம்தான். இதற்கு இவ்வளவு தத்துவம் தேவையில்லை.

இரண்டாம்_தடவை:

அண்ணா, அட்டை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே? அட்டையும் தன்னைச் சோதிப்பதுதான். பின்பக்கம் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் சிக்கல். நான் முதலில் வரையறையைத்தான் எழுதினேன். "வலுவூட்டல் என்பது நடத்தை மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டும் விளைவு." கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். சீட் பெல்ட் வந்ததும் அந்த வாக்கியம் எந்த உதவிக்கும் வரவில்லை. தேர்வில் வரையறை கேட்பது குறைவு, ஒரு சின்னச் சம்பவத்தைக் கொடுத்து இது என்ன என்றுதான் கேட்கிறார்கள்.

அதனால் அட்டையைத் திருப்பிப் போட்டேன். முன்பக்கம் ஒரு சம்பவம், பின்பக்கம் சொல், அதோடு ஏன் இன்னொன்று இல்லை என்பதற்கு ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதும்போதுதான் உண்மையில் படிப்பு நடந்தது.

எதிர்க்கட்சி:

சரி, அந்தக் கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நானூறு அட்டையில் இப்போது எனக்கு இருபதுகூட ஞாபகம் இல்லை.

இரண்டாம்_தடவை:

கடைசி_பெஞ்ச், இதை முயற்சி செய். பல் மருத்துவரிடம் ஒரு தடவை வலியோடு சிகிச்சை நடந்தது. இப்போது காத்திருக்கும் அறையில் அந்தத் துளையிடும் கருவியின் சத்தம் கேட்டாலே உடம்பு விறைக்கிறது. இயற்கைத் தூண்டல், இயற்கைத் துலங்கல், ஆக்கநிலையுற்ற தூண்டல், ஆக்கநிலையுற்ற துலங்கல், நான்கையும் பிரித்துச் சொல்.

கடைசி_பெஞ்ச்:

இயற்கைத் தூண்டல்: கருவி. இயற்கைத் துலங்கல்: வலி. ஆக்கநிலையுற்ற தூண்டல்: சத்தம். ஆக்கநிலையுற்ற துலங்கல்: விறைப்பு. சரியா அக்கா?

இரண்டாம்_தடவை:

பின் பாதி சரி. முன் பாதியில் கருவியைப் பொருளாகப் பார்த்துவிட்டாய். யாரும் கற்றுக்கொடுக்காமலே உடம்பை உலுக்குவது எது? வலி. அதுதான் இயற்கைத் தூண்டல். வலிக்கு உடம்பு சுருங்குவது இயற்கைத் துலங்கல். முதலில் எந்த அர்த்தமும் இல்லாமல் இருந்து, பிறகு வலியோடு ஒட்டிக்கொண்டது சத்தம். "பழக்கமே இல்லாத ஒருவரிடமும் இது நடக்குமா?" என்று கேள். நடந்தால் இயற்கை, இல்லையென்றால் கற்றுக்கொண்டது.

நரம்புக்கோளாறு:

மூளை அத்தியாயம் பற்றி யாரும் பேசவில்லையே? உயிரியல் படிக்கிறவன் என்பதால் எனக்கு அது எளிது, என் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் மூழ்கினார்கள். உறுப்புப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆளோடு சேர்த்துப் படியுங்கள்.

உன் ஆறாவது வரியில் இருக்கிறவர் ஹென்றி மோலைசன். உயிரோடு இருந்தவரை ஆய்வுகளில் எச்.எம். என்றுதான் எழுதினார்கள். கடுமையான வலிப்புக்காக 1953-இல், 27 வயதில், அவர் மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். "எல்லாம் மறந்துபோனார்" என்று எழுதினாயே, அது தப்பு. சிறுவயது ஞாபகம் இருந்தது. பேச்சு, புத்தி எல்லாம் இருந்தது. புதிதாக நடப்பதைத்தான் சேர்த்துவைக்க முடியவில்லை.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படம் கொடுத்து, கையை நேராகப் பார்க்க விடாமல், கண்ணாடியில் பார்த்தபடி இரட்டைக் கோட்டுக்கு நடுவே வரையச் சொன்னார். வீட்டில் செய்துபார், கை எதிர்ப்பக்கம் ஓடும். மோலைசன் நாளுக்கு நாள் தேர்ந்தார், தவறுகள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முன்பு செய்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. கை கற்றுக்கொண்டது, ஆளுக்குத் தெரியாது. இந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டால் ஹிப்போகேம்பஸ் என்ன செய்கிறது, கைப்பழக்கத்தைச் சேர்த்துவைக்கும் செயல்முறை நினைவு ஏன் தனி வகை, இரண்டும் கையில்.

நியூரானுக்கும், அதாவது நரம்பு செல்லுக்கும், அப்படித்தான். ஓய்வில் இருக்கும்போது உள்ளே சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். மைனஸ் 55 அளவை எட்டினால் சுடும், அதாவது ஒரு துடிப்பை அனுப்பும், எட்டாவிட்டால் சுடாது. பாதித் தும்மல் என்று ஒன்று கிடையாதே, அதுபோலப் பாதித் துடிப்பும் கிடையாது. அப்படியானால் மெல்லிய சத்தத்துக்கும் பலத்த சத்தத்துக்கும் வேறுபாடு எப்படித் தெரிகிறது என்று எங்கள் தாளில் கேட்டார்கள். துடிப்பின் அளவு கூடாது. ஒரு நொடியில் எத்தனை துடிப்பு, எத்தனை நியூரான்கள் என்பதுதான் கூடும்.

தூக்கம்_போச்சு:

அதெல்லாம் சரி, நான் பார்த்துப் படிக்கிற வகை. படம் இருந்தால்தான் ஏறும். கேட்டுப் படிக்கிறவர்களுக்கு வேறு முறை சொல்லுங்கள்.

சாக்பீஸ்:

இந்த வகைப் பிரிப்பு உன் தேர்வில் பொய் நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக வரக்கூடும், ஜாக்கிரதை. 2008-இல் பாஷ்லரும் மூன்று சகாக்களும் இருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவரவர் வகைக்கு ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். படம் உனக்குப் பிடிக்கலாம், அது விருப்பம். மூளையின் படம் எல்லோருக்கும் உதவும், ஏனென்றால் அந்தப் பாடமே இடம் சம்பந்தப்பட்டது.

கடைசி_பெஞ்ச்:

பெயரும் வருஷமும் எவ்வளவு மனப்பாடம் செய்வது? வுண்ட், 1879, லைப்சிக் ஆய்வுக்கூடம் என்று முதல் அத்தியாயமே தலை சுற்றுகிறது.

சாக்பீஸ்:

வருஷத்துக்காக யாரும் தோற்றதில்லை. வரிசை தெரிந்தால் போதும். வுண்ட் ஆய்வுக்கூடம் முதலில், வாட்சனும் ஸ்கின்னரும் மனத்தைவிட்டு நடத்தையைப் பிடித்துக்கொண்டது பிறகு, சிந்தனையும் நினைவும் திரும்ப வந்தது அதற்கும் பிறகு. பெயர் வேண்டியது, அந்தப் பெயரோடு ஒரு சோதனை ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும்.

உன் நாலாவது வரியில் "ஒரு ஜெர்மன்காரர்" என்றாயே, ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885. சோதனைக்கு ஆள் அவரே. அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, விட்டுவிட்டு, மறுபடி மனப்பாடம் செய்ய முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமானது என்று கணக்குப் பார்த்தார். 20 நிமிஷம் கழித்துச் செய்தால் 58 சதவீதம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. இங்கே ஒரு பொடி விஷயம்: இது "34 சதவீதம் ஞாபகம் இருந்தது" என்பது இல்லை, மறுபடி கற்கும் உழைப்பில் மிச்சமானது. ஒன்றுமே ஞாபகம் இல்லை என்று தோன்றும் பாடத்தைத் திரும்ப எடுத்தால் சீக்கிரம் ஏறுகிறதே, அது இதனால்தான். இன்னொன்று, சரிவு முதல் மணி நேரத்தில்தான் செங்குத்து, அப்புறம் படுத்துவிடுகிறது.

ஐந்தாவது வரி லாஃப்டஸும் பாமரும், 1974. அந்தச் சோதனையை மட்டும் முழுசாகத் தெரிந்துகொள், சோதனை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அதுவே பாடம். ஒரே விபத்துக் காட்சிகள், ஒரே கேள்வி, வினைச்சொல் மட்டும் வேறு. கார்கள் ஒன்றோடொன்று "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டால் சராசரி மணிக்கு 40.5 மைல். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டால் 31.8. பிறகு வேறு 150 பேரை வைத்து இன்னொன்று செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். காட்சியில் கண்ணாடியே உடையவில்லை. "நொறுங்க மோதிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். "மோதிய" என்று மட்டும் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்.

ஆய்வாளர் மாற்றியது எது? சொல். அளந்தது எது? வேகமும் கண்ணாடியும். முதலாவது சாரா மாறி, இரண்டாவது சார்ந்த மாறி. இதை ஒருமுறை லாஃப்டஸில் பிடித்துவிட்டால் எந்த ஆய்வைக் கொடுத்தாலும் பிரிக்கலாம்.

எதிர்க்கட்சி:

நல்லது. ஆனால் இதில் பாதி பொய் என்று இப்போது சொல்கிறார்களே? 2015-இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்ததில் 36 சதவீதம்தான் மறுபடி புள்ளியியல் அளவில் தேறியது. இளைஞர்களைக் காவலர், கைதி என்று பிரித்துப் போலிச் சிறையில் வைத்த சிம்பார்டோவின் சிறைச் சோதனை நாடகம் என்கிறார்கள். நாடகத்தை எதற்கு மனப்பாடம் செய்வது?

நரம்புக்கோளாறு:

36 என்பதற்காக மீதி 64-ம் பொய் ஆகிவிடாது. திரும்பச் செய்ததும் தவறியிருக்கலாம், சூழல் மாறியிருக்கலாம்.

எதிர்க்கட்சி:

வக்கீல் மாதிரி பேசுகிறாய்.

சாக்பீஸ்:

இரண்டு பேரும் கொஞ்சம் சரி. 1971 சிறைச் சோதனையை நான் இன்னும் நடத்துகிறேன், ஆனால் நடத்துகிற விதம் மாறிவிட்டது. இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறாவது நாள் நிறுத்தினார்கள். சாதாரண இளைஞர்கள் தாங்களாகவே கொடூரமானார்கள் என்பது பழைய கதை. காவலர் வேடத்தில் இருந்தவர்களைக் கடுமையாக நடக்கும்படி ஊக்கியதற்குப் பதிவுகள் உண்டு என்பது பின்னால் வெளிவந்தது. ஆய்வாளரே சிறைக் கண்காணிப்பாளர் வேஷமும் போட்டார். இதைப் படித்துவிட்டு, "சூழல் மனிதனை மாற்றும்" என்று மட்டும் எழுதும் மாணவனுக்கு நான் பாதி மார்க்தான் போடுவேன்.

மில்கிராம் வேறு விஷயம். கட்டளைக்குப் பணிந்து இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பியவர்கள் எதுவரை போவார்கள் என்று பார்த்த சோதனை அது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்ற எண் எல்லோருக்கும் தெரியும். அதைவிட அவர் செய்த மாற்றங்கள் சுவையானவை. கட்டளையிடுகிறவர் அறையைவிட்டு வெளியேறி தொலைபேசியில் சொன்னால், கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். மனிதர்கள் மோசம் என்று அந்த 26-ஐ வைத்து மட்டும் சொன்னால் இந்தப் பாதி விட்டுப்போகிறது.

ஆய்வு தவறலாம், அது தவறியதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் பாடம்தான். ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. 1907-இல் ஃபுங்ஸ்ட் ஒன்றே ஒன்று செய்தார்: கேட்கிறவருக்கே விடை தெரியாதபடி ஏற்பாடு செய்தார். குதிரைக்குக் கணக்கு மறந்துவிட்டது. கேட்கிறவரின் முகத்திலும் தலையிலும் தெரிந்த சின்ன அசைவைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. மருந்துச் சோதனையில் யாருக்கு எந்த மாத்திரை என்று கொடுக்கிறவருக்கும் தெரியக்கூடாது என்கிறார்களே, அதற்கும் இதே காரணம்தான்.

தூக்கம்_போச்சு:

குதிரை எனக்குப் பிடித்திருக்கிறது. படம் இல்லாமலே ஏறிவிட்டது டீச்சர்.

கடைசி_பெஞ்ச்:

பாடத்துக்கு வெளியே ஒன்று. உளக்கோளாறுகள் அத்தியாயத்தை முன்கூட்டியே புரட்டினேன். கவலைக் கோளாறு எனக்கு இருக்கிறது. கவனக்குறைவு இருக்கிறது. இருமுனைக் கோளாறும் இருக்கும்போல. என் தம்பிக்கு மீதி எல்லாம்.

நரம்புக்கோளாறு:

மருத்துவ மாணவர்களுக்கு வாராவாரம் புது நோய் வரும் என்பது பழைய நகைச்சுவை. அறிகுறி எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். எவ்வளவு நாள், எவ்வளவு கடுமை, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கிறதா என்பதுதான் கணக்கு. தம்பியை விட்டுவிடு.

இரண்டாம்_தடவை:

விளையாட்டாகச் சொல்கிறாய் என்றால் சரி. நிஜமாகவே தூக்கம், சாப்பாடு, படிப்பு கெடுகிறது என்றால் புத்தகத்தை வைத்து முடிவு செய்யாமல், நம்புகிற பெரியவரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்லு தம்பி.

கடைசி_பெஞ்ச்:

விளையாட்டுத்தான் அக்கா. தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் கொஞ்சம் நிஜம்.

இன்னொரு உதவி. ஆய்வு வடிவமைக்கும் விரிவான வினா. "இசை கேட்டபடி படித்தால் நினைவு கூடுமா? சோதனை வடிவமைக்க." நான் எழுதியது:

"50 மாணவர்களை எடுத்துக்கொள்வேன். இசை பிடித்தவர்களை இசைக் குழுவிலும், மற்றவர்களை அமைதிக் குழுவிலும் போடுவேன். படித்த பிறகு யாருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று பார்ப்பேன்."

10-க்கு 3.

சாக்பீஸ்:

3 தாராளம்.

இசை பிடித்தவர்களை இசைக் குழுவில் போட்டாய். அவர்கள் வேறு பல வகையிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்களாக இருக்கலாம். முடிவில் வித்தியாசம் வந்தால் அது இசையாலா, ஆட்களாலா? சீட்டுக் குலுக்கிப் பிரி. அதற்குச் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்று பெயர். காரணம், விளைவு என்று பேசும் உரிமையைத் தருவது அதுதான். இதைச் சமவாய்ப்புத் தேர்வோடு குழப்பாதே. ஊரிலிருந்து யாரை எடுப்பது என்பது தேர்வு, எடுத்தவர்களை எந்தக் குழுவில் போடுவது என்பது ஒதுக்கீடு. முதலாவது இல்லையென்றால் முடிவை எல்லோருக்கும் பொருத்த முடியாது. இரண்டாவது இல்லையென்றால் காரணமே சொல்ல முடியாது.

அடுத்து, "நன்றாக ஞாபகம்" என்றால் என்ன? எப்படி அளப்பாய்? 30 சொற்கள் காட்டி, 10 நிமிஷம் கழித்து சரியாக எழுதிய சொற்களின் எண்ணிக்கை என்று எழுது. இன்னொருவர் உன் தாளைப் பார்த்து அப்படியே செய்ய முடிய வேண்டும், அதுதான் செயல்முறை வரையறை. என்ன இசை, எவ்வளவு சத்தம், பாடல் வரி உண்டா என்பதும் அதே கதை. அறை, நேரம், சொற்பட்டியல் இரு குழுவுக்கும் ஒன்றாக இருக்கட்டும். சம்மதம் வாங்குவதை ஒரு வரி எழுது, அதை மறந்துதான் நிறையப் பேர் ஒரு மார்க் விடுகிறார்கள்.

கடைசி_பெஞ்ச்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டாவது தேர்வு முடிந்தது. 50-க்கு 39.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன். தினமும் வெள்ளைத்தாள். முதல் நான்கு நாள் அழுகை வராத குறை. எழுதி, புத்தகத்தைப் பார்த்து, விட்டுப்போனதைச் சிவப்பில் சேர்ப்பேன். அதே அத்தியாயத்தை மறுநாள் ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை. அக்கா சொன்ன சம்பவ அட்டை அறுபது. அத்தியாய வாரியாக வைக்காமல் கலைத்துவைத்தேன். அது பெரிய உதவி. கற்றல் அத்தியாயத்து அட்டைகளைத் தனியாகப் பார்த்தால் விடை பாவ்லோவ் அல்லது ஸ்கின்னர் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தேர்வில் யார் அப்படிச் சொல்லப்போகிறார்கள்? மஞ்சள் பேனாவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

போனவற்றில் ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. "புதுக் கடவுச்சொல்லை வைத்துக்கொண்ட பிறகும் ஒருவருக்குப் பழையதுதான் விரலில் வருகிறது." பழையது என்பதால் பின்நோக்குக் குறுக்கீடு என்று போட்டேன். தப்பு என்றார்கள்.

இரண்டாம்_தடவை:

எது ஞாபகம் வருகிறது என்று பார்க்காதே, எது எதைக் கெடுக்கிறது என்று பார். பழையது, பின்னால் வந்த புதியதைக் கெடுக்கிறது. கெடுதல் பழையதிலிருந்து முன்னோக்கிப் போகிறது, ஆகவே முன்நோக்கு. புதியதைப் படித்ததால் பழையது மறந்தால் கெடுதல் பின்னோக்கிப் போகிறது, அது பின்நோக்கு.

தூக்கம்_போச்சு:

அப்போது நான் நேற்றுப் படித்த ஆளுமை அத்தியாயம், இன்று படித்த சமூக உளவியலால் மறந்துபோனால்?

கடைசி_பெஞ்ச்:

பின்நோக்கு. புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

சாக்பீஸ்:

சரி. வியாழக்கிழமை திரும்பக் கேட்பேன்.